அளவுகோல் இல்லாத படம்

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தீர்ப்புச் சொல்லப்போகிறவர்கள் நீங்கள். அவை உங்களுக்கு வேண்டும்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் 132 கிலோவோல்ட் மின்வழிக்கு நேர் கீழே நின்று ஒரு மாலையில் காந்தப்புலத்தை அளந்தேன். ஒரு மைக்ரோ டெஸ்லாவுக்குக் கிட்ட இருந்தது. பூமியின் சொந்தப் புலமே இங்கே சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ஆனால் பூமியின் புலம் அசையாமல் நிற்பது. கம்பியின் புலம் செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னும் புரள்வது. மாறுகிற காந்தப்புலம் கடத்திக்குள் மின்புலத்தைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் பரடே கண்டார். மனிதத் தலையும் கடத்திதான். அதற்குள்ளும் ஒரு மின்புலம் எழும்.

எவ்வளவு எழும்? தலையை 8 சென்ரிமீற்றர் ஆரையுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்ளலாம். பை, அதிர்வெண், ஆரை, காந்தப்புலம் நான்கையும் பெருக்க வேண்டும். மீற்றருக்கு 0.013 மில்லிவோல்ட் வரும். பொதுமக்களின் மூளைக்கு 50 ஹேர்ட்ஸில் 2010ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் வைத்திருக்கும் எல்லை மீற்றருக்கு 20 மில்லிவோல்ட். கம்பிக்குக் கீழே நிற்பவரின் தலைக்குள் எழுவதைவிட அது 1500 மடங்குக்கு மேல்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை இதை ஒரு வரியில் போட்டுவிடும். நான் போடவில்லை. இதே துறையில் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். கையால் கணக்குப் போடுவது எனக்கு மதிப்புக் குறைவாகப் பட்டது.

இது நடந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏ9 வீதியில் மாங்குளத்துக்குத் தெற்கே இறங்கிப் போகவேண்டிய மீள்குடியேற்றக் கிராமம் என்பது போதும். கொவிட்டுக்கு முந்திய காலம். ஊரவர்கள் என்னைக் கூப்பிட்டது காந்தப்புலம் பற்றிக் கேட்க அல்ல. மின்வழி போனபோது வளவுகளில் நின்ற தென்னையும் பனையும் பலாவும் தறிக்கப்பட்டிருந்தன. உயர்ந்து வளரும் மரங்களை அந்தக் கம்பிகளுக்குக் கீழே இனி வைக்கவும் முடியாது. நட்டஈடு சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை, வந்ததும் காணாது என்றார்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் மரம் மரமாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். அதை ஒரு நல்ல கடிதமாக எழுதித்தர ஆள் தேவைப்பட்டது. நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. படித்தவன். வந்து எழுதித்தாருங்கோ என்றார்கள்.

நான் கடிதம் எழுதவில்லை. விரிவுரை செய்தேன்.

அதற்கான ஆசை எனக்குள் முன்பே இருந்தது. வெளிநாட்டில் நான் செய்த வேலையை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் அரை நிமிடத்தில் பேச்சை மாற்றினார்கள். மண்டபம் நிறைய ஆட்கள் கூடுகிறார்கள் என்றதும் மடிக்கணினியையும் புரொஜெக்ரரையும் தூக்கிக்கொண்டு போனேன். முந்திய இரவு முழுக்க இருந்து ஒரு கணிப்பு ஓடவிட்டேன்.

அந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் நான் எங்கே சறுக்கினேன் என்று தெரியும். கணினியில் ஒரு தலை வேண்டும். நான் எடுத்தது மொன்றியலில் ஒரே ஆளை 27 தரம் ஸ்கான் செய்து, அந்தப் படங்களைச் சராசரியாக்கிச் செய்த தலை. ஆராய்ச்சி உலகில் பலரும் பயன்படுத்துவது. சுகமான ஆணின் தலை. அதை ஒரு மில்லிமீற்றர் கனச்சதுரங்களாகப் பிரிப்போம். பல இலட்சம் வரும். தோல், எலும்பு, மூளையைச் சுற்றியுள்ள நீர், சாம்பல் பொருள், வெண்பொருள் என்று ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மின்கடத்துதிறன் கொடுப்போம். 50 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் உடம்பு காந்தப்புலத்தைக் குழப்புவதில்லை. புலம் அப்படியே ஊடுருவிப் போகும். ஆகவே வெளியிலுள்ள புலத்தைத் தெரிந்த ஒன்றாக வைத்துக்கொண்டு, தலைக்குள் ஒவ்வொரு சதுரத்திலும் மின்னழுத்தம் என்னவென்று தீர்ப்போம். கணினி தீர்க்கும். நாம் தேநீர் குடிப்போம்.

இதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொறி உண்டு. தலை வளைவானது. சதுரங்கள் வளையாது. வளைவுகள் எல்லாம் படிக்கட்டாகின்றன. மூளையைச் சுற்றியுள்ள நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மண்டையோடு அதில் நூறில் ஒரு பங்குதான் கடத்தும். இந்த இரண்டும் தொடும் இடத்தில் படிக்கட்டின் மூலைகளில் பொய்யான உயர்ந்த பெறுமானங்கள் முளைக்கும். உண்மைத் தலையில் அவை கிடையாது. இதனால்தான் 2010 வழிகாட்டல், இரண்டு மில்லிமீற்றர் கனச்சதுரத்துக்குச் சராசரி எடு, அந்தச் சராசரிகளில் மிக உச்சமான நூற்றுக்கு ஒரு பங்கைத் தள்ளிவிட்டுப் பார் என்று சொல்கிறது. நான் சராசரி எடுக்கவில்லை. உச்சியைத் தள்ளவில்லை. ஒற்றைச் சதுரத்தின் உச்சப் பெறுமானத்தை எடுத்தேன். விடிவதற்குள் முடிக்கவேண்டி இருந்தது.

இது கவலையீனம். அடுத்தது கவலையீனம் அல்ல.

மென்பொருள் படத்துக்குத் தானாகவே நிறம் போடும். அந்தப் படத்தில் எது உச்சமோ அது சிவப்பு. எது தாழ்ந்ததோ அது நீலம். உச்சம் ஒரு வோல்ட்டில் கோடியில் ஒரு பங்காக இருந்தாலும் அது சிவப்புத்தான். ஆகவே படத்தின் பக்கத்தில் நிறத்துக்கு எண் காட்டும் அளவுகோல் ஒன்று இருக்கும். அது இல்லாமல் படத்துக்குப் பொருளே இல்லை. அந்த அளவுகோலை நான் வெட்டினேன். சிறிய எழுத்தில் பூச்சியம் பூச்சியமாகத் தெரிந்தது, திரையில் வடிவாக இருக்கவில்லை. மூளை மட்டும் கரும்பின்னணியில் பெரிதாக வரட்டும் என்று வெட்டினேன். எனக்கு நினைவிருக்கிறது. வெட்டும்போது அந்தப் பூச்சியங்களைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லப்போவது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வெட்டினேன்.

பொதுநோக்கு மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டதும் சத்தம் அடங்கியது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு இளம் தகப்பன் எழும்பி, இந்தக் கம்பியாலே பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வரும் என்று பேப்பரில் வாசித்ததாகச் சொன்னார். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2002இல் தாழ் அதிர்வெண் காந்தப்புலங்களை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி வகையில் வைத்தது. வீட்டுக்குள் சராசரி 0.3, 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் போகும் இடங்களில் சிறுவர் லுகேமியாவுடன் மெல்லிய புள்ளிவிபரத் தொடர்பு தெரிந்தது. எப்படி வரும் என்ற காரணத்தை ஒருவரும் நிறுவவில்லை. அந்த ஊர் வீடுகளுக்குள் நான் அளந்தது 0.1 அளவில்தான். இதைச் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். என் கணிப்புக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை. தூண்டப்படும் மின்புலம் நரம்பைக் கிளறுமா என்பதற்குத்தான் அது விடை தேடும். புற்றுநோய் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நானோ திரும்பித் திரையைக் காட்டி, “பாருங்கோ, பாதிப்பு எங்க கூட எண்டு தெரியுதுதானே” என்றேன். பாதிப்பு என்ற சொல்லை நான்தான் போட்டேன்.

அதற்குப் பிறகு பின்வரிசையில் இருந்த அக்கா எழும்பினார்.

“தம்பி, என்ர தலைக்குள்ள ஷெல் பீஸ் ஒண்டு கிடக்கு. 2009இல பட்டது. எடுத்தால் ஆபத்தெண்டு டொக்டர்மார் விட்டிட்டினம். பெரிய ஸ்கான் மெசினுக்குள்ள விடவும் ஏலாதாம், காந்தம் இழுக்குமாம். அப்ப இந்தக் கம்பி?”

நான் பதில் தேடிக்கொண்டு நின்றேன். அவரே தொடர்ந்தார்.

“கண்ணிவெடி எடுக்கிற பிள்ளையள் மெசின் பிடிக்க இரும்பில கத்துமெல்லே. அது மாதிரியோ?”

நல்ல கேள்வி அது. என் மாணவர் ஒருவர்கூட அப்படி இணைத்துக் கேட்டதில்லை. கண்ணிவெடி தேடும் கருவியின் சுருள், மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உலோகம் கிடந்தால் அதில் மின்னோட்டம் சுழலும். அந்த ஓட்டத்தின் புலத்தைக் கருவி திரும்பக் கேட்டுச் சத்தம் போடும். பரடேயின் அதே விதி. எனக்குச் சந்தோசம் வந்தது. ஊர் அக்கா ஒருவர் என் துறைக்குள் வந்துவிட்டார் என்ற சந்தோசம். அந்தச் சந்தோசத்தில், அவர் எதைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

“ஓமக்கா. விதி ஒண்டுதான். இரும்பு கிடக்கிற இடத்தில கூடத்தான் செய்யும்” என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நன்றாகக் கடத்தும் சிறிய உருண்டை இழையத்துக்குள் கிடந்தால் அதன் இரு முனைகளிலும் மின்புலம் மூன்று மடங்காகும். நீண்டு கூரான துண்டென்றால் இன்னும் கூடும். பத்து மடங்கு என்றே வைப்போம். 0.013 பத்து மடங்கானால் 0.13. எல்லை 20. அவர் சொன்ன ஸ்கான் இயந்திரத்துக்குள் இருப்பது பொதுவாக 1.5 டெஸ்லா. அந்தக் கம்பியின் புலத்தைவிட 15 இலட்சம் மடங்கு. அது இரும்பை இழுக்கும். கம்பி இழுக்காது. காந்தத்தால் மனிதருக்கு உணரக்கூடியதாக நடக்கும் முதல் காரியம் கண்ணுக்குள் மெல்லிய ஒளி மின்னுவது. பிரெஞ்சு மருத்துவர் தார்சொன்வால் 1896இல் அதை எழுதினார். செக்கனுக்கு 20 தரம் மாறும் புலத்தில் அதற்கே சுமார் 5000 மைக்ரோ டெஸ்லா வேண்டும். கைக் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு அன்றே மனப்பாடம். ஒன்றையும் சொல்லவில்லை.

சொல்வதற்கு எளிய வழியும் இருந்தது. போர்க்காலத்தில் வன்னியில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். பி.பி.சி. தமிழோசை முடியும்வரை அப்பாவுக்கு நான் சுற்றியிருக்கிறேன். மெல்லச் சுற்றினால் ரேடியோ முனகும். வேகமாகச் சுற்றினால் பேசும். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேராவது சுற்றியிருப்பார்கள். ‘இந்தக் கம்பி உங்கட தலைக்குள்ள செய்யிறது, டைனமோ சில்லில முட்டாமலே சும்மா கிடக்கிற மாதிரி’ என்றிருந்தால் போதும். அதைச் சொன்னால் என் படத்துக்கு வேலை இருந்திருக்காது.

இந்த மண்ணில் கண்ணிவெடிக் கருவி கத்திய இடத்துக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நடுவார்கள். வெடி எடுத்து முடியும்வரை அங்கே ஒருவரும் குடியிருக்க முடியாது. நான் சிவப்புப் படத்தைக் காட்டினேன். கருவி கத்துவது மாதிரித்தான் என்றேன். அக்கா எடுத்த முடிவு, கேட்டதை வைத்துப் பார்த்தால், சரியான முடிவு.

அந்த மாதமே வீட்டைப் பூட்டிக்கொண்டு வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. இந்திய அரசு தந்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். மிச்சத்துக்கு நகை ஈடு வைத்தவர். கணவர் இல்லை. கல்லும் மணலும் தானே ஏற்றி இறக்கியவர். ஆடுகளை வந்த விலைக்கு விற்றார். மகன் பள்ளிக்கூடம் மாறினான். மாமியார் வரமாட்டேன் என்று அந்த வளவிலேயே தனியே இருந்தார். தங்கச்சி வீட்டில் ஒரு அறை. இரண்டு குடும்பம்.

அவர் போனது எனக்கு அப்போதே தெரியும். செயலாளர் சொன்னார். பரிதாபப்பட்டேன், ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. என் பேச்சைக் கேட்டு ஒருவர் வீட்டையே விட்டுப் போயிருக்கிறார் என்ற எண்ணத்தில் எனக்கு ஒரு கனம் கூடியது. அதை எழுதக் கூசுகிறது.

மரக் கடிதமும் கெட்டது. என் படத்தை அதற்கு இணைப்பாக வைத்து அனுப்பினார்கள். நட்டஈடு கேட்ட கடிதம் மூளை பற்றிய கடிதமாகிவிட்டது. பிறகு ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர், அறிவு இருக்கிற ஆட்கள் இதை நம்புவார்களா என்று கேட்டாராம். மரப் பட்டியலை அவர் திறந்து பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. பட்டியலுக்கு மேலே வைக்க அந்தப் படத்தைக் கொடுத்தவன் நான்.

பிழை எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதே கணிப்பை விரித்து ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தேன். மதிப்பீட்டாளர் பெயர் தெரியாது. அவர் இரண்டே கேள்வி கேட்டார். ஒற்றைச் சதுரத்தின் உச்சத்தை ஏன் எடுத்தீர்கள்? உருண்டைக்குக் கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்பார்த்தீர்களா? அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். என் உச்சப் பெறுமானம் கைக் கணக்கைவிடப் பல மடங்கு கூட. கூடின சதுரங்கள் எல்லாம் படிக்கட்டின் மூலைகளில்தான் இருந்தன. அந்தப் பொய் உச்சமும்கூட வழிகாட்டல் எல்லைக்குக் கிட்டவும் வரவில்லை. திருத்தினேன். சராசரி எடுத்தேன். அளவுகோலோடு படம் போட்டேன். கட்டுரை வெளிவந்தது. சஞ்சிகைக்குத் திருத்தம் போனது. ஊருக்குப் போகவில்லை.

ஏன் போகவில்லை? ஒரு நியாயம் வைத்திருந்தேன். பயமுறுத்தியவனே வந்து பயமில்லை என்றால், காசு வாங்கிவிட்டான் என்று கதைப்பார்கள். அப்படிக் கதைப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் நான் போகாததற்குக் காரணம் அது அல்ல. அந்த மண்டபத்தில் சத்தம் அடங்கிய அந்த நிமிடத்தை இழக்க எனக்கு மனமில்லை. பதவி உயர்வுக்கான விண்ணப்பமும் அப்போது கிடந்தது. அதில் ‘சமூகப் பணி’ என்ற தலைப்பின் கீழ் அந்தக் கூட்டத்தை எழுதியிருந்தேன். பிறகு கொவிட் வந்தது. வீதி மூடியதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. வீதி திறந்தது. பொருளாதார நெருக்கடி, பெற்றோல் வரிசை. அதுவும் ஆறுதல்தான். பெற்றோல் வந்த பிறகுதான் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது.

வவுனியாவில் அந்த வீட்டு வாசலில் நான் நின்றபோது அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன், வாய் வராது என்று தெரியும். கம்பியால் உங்கள் தலையில் கிடக்கும் துண்டுக்கு ஒன்றும் நடக்காது, அன்று நான் காட்டிய சிவப்புக்கு அளவே இல்லை, அளவை வெட்டியது நான், எனக்கு அது தெரிந்து பல காலம் என்று வாசித்தேன். அவர் கடைசிவரை குறுக்கிடவில்லை.

“அப்ப தெரிஞ்ச அண்டைக்கு ஏன் தம்பி வரேல்ல?”

“பயம் அக்கா.”

“எனக்கும் பயம்தான்” என்றார். “நான் வீட்டை விட்டிட்டு வந்தனான்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அதையும் அவர் எனக்காகச் செய்யவேண்டும் என்று எதிர்பார்த்தேன் என்பதை இப்போது காண்கிறேன்.

கையெழுத்து வைத்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் இன்னொன்றும் எழுதியிருந்தேன். ஆபத்து உண்மையில் எங்கே இருக்கிறது என்று. எம்.ஆர்.ஐ. பற்றி டொக்டர்மார் சொன்னது சரி, அதை மறக்கக்கூடாது. தலைக்கு வெளியே சுருள் வைத்துக் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் முறை ஒன்று இருக்கிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தோணி பாக்கரும் கூட்டாளிகளும் தொடங்கியது. மனச்சோர்வுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சில நாடுகளில் கொடுக்கிறார்கள். அது மூளைக்குள் மீற்றருக்கு நூறு வோல்ட் அளவில் மின்புலத்தை எழுப்பும். கம்பியினுடையதோடு பேச்சுக்கும் ஒப்பிட முடியாது. அப்படி ஒன்றை யாராவது எப்போதாவது சொன்னால், தலைக்குள் உலோகம் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். அவருடைய கேள்விக்கு அன்று மண்டபத்தில் சொல்லியிருக்கவேண்டிய பதிலில் பாதி இது.

வன்னியில் இப்படிப் பீஸோடு நடப்பவர்கள் எத்தனையோ பேர். என் கணினியில் இருந்த தலைக்குள் ஒரு துண்டுகூட இல்லை. இந்த ஊர்த் தலைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்த இரவில்கூட, ஒரு துண்டை வைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் 2009இல் அங்கே இருந்தவன். கையில் தழும்பு இருக்கிறது.

அக்கா இன்னும் திரும்பவில்லை. மகனுக்கு ஓ.எல். சோதனை கிட்டுது, முடியட்டும் பார்ப்பம் என்றார். மாமியார் போன வருடம் தவறிப்போனார். மருமகள் பக்கத்தில் இல்லை.

செயலாளருக்கு உண்மையைச் சொன்னேன். அலுவலகத்துக் கோப்பில் என் படம் இன்னும் இணைப்பாகக் கிடக்கிறது என்றார். அதை விலக்கிக்கொள்வதாக நானே எழுதித்தருகிறேன், மரப் பட்டியலை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு கடிதமும் எழுதுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “எழுதுங்கோ சேர். ஆனா முதல் சனத்தைக் கூட்டுறன், மண்டபத்தில வந்து சொல்லுங்கோ. புரொஜெக்ரர் வேண்டாம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம்.